நூதனசாலையும் உழைப்பவர் நினைவும்

கலை, இலக்கியம், பண்பாடு என்பன பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆக்கியோனைப் பற்றியும் ஆக்கப்பட்ட பொருளைப் பற்றியுமே பேசுகின்றோம். அப்பொருள் எங்கே, யாரால், எந்நோக்கத்துக்காகப் பேணப்படுகின்றது என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலர். ஒரு பாட்டு மக்கள் வாயிற் பிறப்பதற்கும், ஐம்பதாண்டுகளின் பின்னர் ஒரு மாணவனுக்கு அது படிக்கக் கிடைப்பதற்கும் இடையே நீண்ட வழி ஒன்று உண்டு. அவ்வழியிலே எவை தப்பிப் பிழைக்கின்றன, எவை அழிந்தொழிகின்றன என்பது தற்செயலாக நிகழ்வதன்று. எவர் கையில் நிலமும் பணமும் அதிகாரமும் இருந்தனவோ அவர்தம் நினைவே பெரும்பாலும் கண்ணாடிப் பேழையுட் புகுந்தது. உழைத்தவர் நினைவோ லயத்துக் கூரையில் ஒழுகிய மழையோடு கரைந்து போயிற்று. நூதனசாலைகளையும் சுவடிக்கூடங்களையும் பற்றிய விமர்சனம் இந்த உண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இன்றைய நூதனசாலைக்கு இருவேறு பிறப்புகள் உண்டு. ஒன்று, மக்கள் எழுச்சியின் வழிவந்தது. 1793ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், பிரெஞ்சுப் புரட்சியாளர் பாரிஸ் நகரத்து லூவர் மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். அதுகாறும் அரசனும் அவன் சுற்றத்தாரும் மட்டுமே கண்டு களித்த ஓவியங்களை அன்று சாதாரண குடிமகனும் காண வழி பிறந்தது. 1918ஆம் ஆண்டு யூன் மாதத்தில் லெனின் கையொப்பமிட்ட ஆணையொன்று மொஸ்கோவின் திரெத்தியாக்கோவ் ஓவியக்கூடத்தை அரசுடைமையாக்கியது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சூழ்ந்திருந்த வேளையிலும் புதிய ஆட்சி ஓவியங்களைப் பற்றிச் சிந்தித்தது என்பது மனங்கொள்ளத் தக்கது. மற்றைய பிறப்பு, பேரரசின் வழிவந்தது. வென்ற நாட்டின் பொருள்களை அளந்து, வகுத்து, பெயரிட்டு, வென்றவனின் அறிவுக்கு உட்படுத்துவதே அதன் நோக்கம். இவ்விரு பிறப்புகளும் எப்பொழுதும் தனித்தனியே நின்றன என்று கொள்ளுதல் தவறாகும். புரட்சி திறந்த அதே லூவரை நெப்போலியன் அயல்நாடுகளிற் கொள்ளையிட்ட பொருள்களால் நிரப்பினான். ஒரே கட்டடத்துள் விடுதலையும் கொள்ளையும் அருகருகே வீற்றிருக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எமது நாட்டின் தலைமை நூதனசாலை எப்பிறப்பைச் சார்ந்தது? 1845இல் நிறுவப்பட்ட அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையினர் நெடுங்காலமாக ஒரு நூதனசாலை வேண்டுமெனக் கேட்டுவந்தனர். 1872இல் தேசாதிபதியாக வந்த சேர் வில்லியம் கிறெகரி அவ்வேண்டுகோளை ஏற்றார். கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. அதே நாளிற்றான் டில்லியிலே லிற்றன் பிரபு பெருந் தர்பாரொன்றைக் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனஞ் செய்தார். அதே ஆண்டிற்றான் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய அப்பஞ்சத்திலே 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று கணிப்பர். பஞ்சத்துக்குத் தப்பிய தமிழ்க் குடியானவர் கூட்டங் கூட்டமாகக் கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழியே நடந்து, மாத்தளையைக் கடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியிலே வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் பலர். கிறெகரியின் காலத்துப் பொது வேலைகளுக்கு வேண்டிய செல்வம் பெருமளவு கோப்பி ஏற்றுமதி தந்த வருவாயிலிருந்தே கிடைத்தது. ஆகவே கறுவாத் தோட்டத்து வெள்ளை மாளிகையின் கல்லும் சுண்ணாம்பும் எவருடைய வியர்வையினால் வாங்கப்பட்டன என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

கிறெகரியைப் பற்றி மற்றொன்றும் அறியத் தக்கது. இலங்கைக்கு வருமுன்னர் அவர் பிரித்தானியப் பாராளுமன்றத்திலே அயர்லாந்தின் பிரதிநிதியாயிருந்தார். 1847இல், அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் அழித்துக்கொண்டிருந்தபோது, வறியோர் நிவாரணச் சட்டத்திலே ஒரு வாசகத்தைச் சேர்ப்பித்தவர் அவரே. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதனைக் கைவிட்டாலன்றி அரசின் உதவி பெறவியலாது என்பதே அவ்வாசகம். அயர்லாந்து மக்கள் அதனைக் கிறெகரி வாசகம் என்றே இன்றும் நினைவுகூர்வர். உண்ணச் சோறு வேண்டுமாயின் உழும் நிலத்தை விடு என்ற அச்சட்டத்தினால் எண்ணிறந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இதனை நாம் எடுத்துரைப்பது தனியொருவரைத் தூற்றுவதற்காக அன்று. கலைப் பற்றும் மக்கட் பற்றின்மையும் ஒரே உள்ளத்திற் குடியிருக்க முடியும் என்பதையும், குடியானவனை நிலத்திலிருந்து அகற்றிய ஆட்சிமுறையே குடியானவன் மூதாதையரின் சிலைகளை மாளிகையிலே வைத்துப் பேணிற்று என்பதையும் காட்டுவதற்காகவே கூறுகின்றோம். நூதனசாலையின் முன்றிலிலே கிறெகரியின் உருவச் சிலை நிற்கின்றது. கட்டடத்துக்குப் படம் வரைந்த சிமிதரின் பெயரும், ஒப்பந்தகாரராய் நின்று கட்டிமுடித்த வாப்பிச்சி மரைக்காரின் பெயரும் வரலாற்றில் உள்ளன. கல் சுமந்தோரின் பெயர் எங்கும் இல்லை.

இனி, அயலார் கொண்டுசென்ற பொருள்களை மீட்கும் பிரச்சினையைக் கவனிப்போம். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபோது அரசனின் சிம்மாசனம் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது 1934இலேதான் திரும்பி வந்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடி எடுத்துச் சென்ற லெவ்கே திசாவையின் பீரங்கியும், அதனோடு வாள், கத்தி, துப்பாக்கி முதலாய ஐந்து பொருள்களும் 2023ஆம் ஆண்டிலே நெதர்லாந்து அரசினால் திருப்பியளிக்கப்பட்டன. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிலே கண்டெடுக்கப்பட்ட அழகிய தாரா தேவி படிமமோ, தேசாதிபதி பிறவுண்றிக் 1830இல் ஈந்தது என்ற குறிப்போடு பிரித்தானிய நூதனசாலையிலேயே இன்னும் உள்ளது. இப்பொருள்கள் பிறந்த மண்ணுக்கு மீளவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதனை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கின்றோம். கொள்ளையடித்தவன் நன்றாகப் பேணினான் என்ற வாதம் கொள்ளையை நியாயமாக்கிவிடாது.

ஆனால் இக்கோரிக்கையோடு நம்முடைய சிந்தனை நின்றுவிடுமாயின் அது அரைவழியில் நின்றதாகும். பீரங்கியை மீட்ட அரசு, அப்பீரங்கியை வார்த்த கைவினைஞனை நினைக்கின்றதா? சிம்மாசனத்தைக் காட்டும் மண்டபத்திலே, அச்சிம்மாசனத்துக்கு இராசகாரியஞ் செய்தவன் வாழ்வைக் காட்ட ஒரு மூலையேனும் உண்டா? பொருள் நாடு மீள்வது ஒன்று. மக்களிடம் மீள்வது மற்றொன்று. அரசர் உடைமையாயிருந்தது அந்நியன் உடைமையாகி, பின்னர் அரசின் உடைமையாவது இடமாற்றமேயன்றி விடுதலையாகாது. எவன் உழைப்பினாலே அது உருப்பெற்றதோ அவன் வரலாற்றோடு சேர்த்து விளக்கப்படும்போதே அப்பொருள் மக்களுடையதாகின்றது.

இவ்வுண்மையைச் சோதித்துப் பார்ப்பதற்கு மலையகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. கண்டிக்கு அண்மையில் ஹந்தானையிலே தேயிலை நூதனசாலையொன்று உண்டு. 1925இல் எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றைப் புதுக்கி 2001இல் அதனைத் திறந்தனர். கொழுந்தை உருட்டும் பொறி, உலர்த்தும் பொறி, அவற்றை இயக்கிய பழைய எஞ்சின்கள் யாவும் அங்கே துடைத்து மினுக்கி வைக்கப்பட்டுள்ளன. 1867இல் லூல்கந்துறையிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களும் உள்ளன. மேல்மாடியிலே அமர்ந்து மலைக்காட்சியைக் கண்டவாறே தேநீர் அருந்தலாம். பொறிகளைப் பேணியது நற்பணியே. மனித அறிவின் படிமுறை வளர்ச்சியைக் காட்டும் பொறியை நாம் ஒருபோதும் இகழோம். ஆயினும் பொறிக்கும் துரைக்கும் அங்கே முதன்மையிடம் கிடைத்திருக்கின்றதே தவிர, விடியற் கருக்கலிலே தப்பொலி கேட்டெழுந்து, பிரட்டுக் களத்தில் நிரையாய் நின்று, படங்குச் சாக்கை இடுப்பிற் சுற்றி, அட்டை கடிக்க மலையேறிய பெண்ணுக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. கொழுந்தின்றி உருட்டும் பொறி உருளாது. பறிக்கும் விரலின்றிக் கொழுந்து கூடைக்கு வராது. பொறியை வைத்து விரலை மறைத்தல், காட்சிப்படுத்தும் கலையில் நேர்ந்த சிறு குறைபாடன்று. அது ஒரு வர்க்கத்தின் உலக நோக்கு.

இதற்கு மறுமொழியாக எழுந்ததே கம்பளைக்கு அண்மையில், பாரதெக்கைப் பகுதியிலுள்ள தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. சமூக அபிவிருத்தி நிறுவனத்தார் 2007இல் இதனைத் தொடங்கினர். மாளிகையொன்றைத் தேடாமல் பழைய லயக் காம்பராக்களையே அவர்கள் நூதனசாலையாக்கினர். இம்முடிவிலே ஒரு விமர்சன நோக்கு அடங்கியிருக்கின்றது. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, முள்ளு, அம்மி, உரல், தப்பு, பழைய ஆவணங்கள் ஆகியன அங்கே உள்ளன. ஆனால் அவற்றுள் மிகப் பெரிய காட்சிப்பொருள் அக்காம்பராவே. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓரறையிலே ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று, பிணம் கிடத்தி வாழ்ந்ததை எவ்வளவு எழுதினும் உணர்த்தவியலாது. அவ்வறையினுள்ளே பத்து மாணவரை ஒருங்கே நிற்க வைத்தால் அவர்கள் தாமே உணர்வர். ஆசிரியர்கள் தம் வகுப்புகளை ஹந்தானைக்கு அழைத்துச் செல்லட்டும். அன்றைக்கே பாரதெக்கைக்கும் அழைத்துச் செல்லட்டும். இரண்டையும் கண்ட மாணவனுக்கு அரசியற் பொருளாதாரத்தின் முதற் பாடம் முடிந்துவிடும்.

தோட்டத்து மொழியிலே ஒரு நாள் வேலைக்கான கணக்குக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த றாத்தல் கொழுந்து பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளை பேர் போட்டால் கூலி உண்டு. பேர் வெட்டினால் இல்லை. ஒரு மனிதனின் பெயரே அவனுடைய நாட்கூலியாகச் சுருங்கியதும், அப்பெயரையும் பாதியாய் வெட்டலாம் என்றிருந்ததும் எந்த நூதனசாலையின் விளக்கப் பலகையிலும் முதல் வரியாக எழுதப்பட வேண்டியவை. சொல்லும் ஒரு தொல்பொருளே. மண்ணைத் தோண்டிப் பானையோட்டை எடுப்பவன் காட்டும் பொறுமையை, மக்கள் வாய்மொழியிலிருந்து இத்தகைய சொல்லை எடுப்பவனும் காட்டுதல் வேண்டும்.

பொருளைப் பேணும் நூதனசாலை பற்றி இதுவரை கூறினோம். எழுத்தைப் பேணும் சுவடிக்கூடம் இதனினும் கூர்மையான ஆயுதம். சுவடிக்கூடம் என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் தூசி படிந்த ஒதுக்கிடம் என்று கருதுவோர் பலர். உண்மை அதுவன்று. ஏட்டிலே பதிதல் ஆட்சியின் முதற் கருவி. ஒல்லாந்தர் தோம்பு எழுதியது மக்களின் வரலாற்றைப் பேணுவதற்காக அன்று. எவரிடம் எவ்வளவு நிலம், எவரிடம் எவ்வளவு வரி, எவரிடம் எவ்வளவு ஊழியம் பெறலாம் என்று அறிவதற்காகவே எழுதினர். தோட்டத்துரைமார் 1854இலேயே தமக்கெனச் சங்கமமைத்து, தம் அறிக்கைகளை ஆண்டுதோறும் அச்சிட்டனர். அவ்வறிக்கைகள் நூலகங்களிலே தோற்கட்டுடன் நிற்கின்றன. தொழிலாளி கையிலிருந்த எழுத்து எது? ‘துண்டு’ எனப்பட்ட சீட்டு ஒன்று. இத்தனை பேர் இவ்வளவு கடன் பட்டிருக்கின்றனர், அக்கடனை இறுப்பவர் அவர்களை அழைத்துச் செல்லலாம் என்று ஒரு துரை மறு துரைக்கு எழுதும் சீட்டு அது. தன்னைப் பற்றி எழுதப்பட்ட, ஆனால் தன்னால் வாசிக்கமுடியாத அத்தாளிலே தொழிலாளியின் உடலே அடகு வைக்கப்பட்டிருந்தது. 1921இலேதான் இம்முறை சட்டப்படி ஒழிந்தது. கடல் கடந்து வந்தோர் கழுத்திலே கட்டி விடப்பட்ட, இலக்கம் பொறித்த தகரச் சீட்டும் அத்தகையதே. அதில் இருந்தது தோட்டத்தின் இலக்கம், மனிதனின் பெயரன்று.

ஏட்டின் அதிகாரம் எத்தகையது என்பதை மலையக மக்கள் 1948இன் பின்னர் தம் வாழ்விலேயே கண்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஒரு கதவைத் திறந்ததுபோலக் காட்டியது. 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவுதல் வேண்டும். பிறப்புப் பதிவு எங்கே? பெயர் அன்றைய செக்ரோலில் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது? முத்தையாவும் முத்துவும் ஒருவனா, இருவரா? எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் எழுத்துச் சான்று கேட்டது அச்சட்டம். அச்சான்றோ அவன் கையிலன்றித் தோட்டத்துக் கந்தோரின் அலுமாரியிலே கிடந்தது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரிலே 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. எஞ்சிய நாடற்றோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டாயிற்று. ஒரு பழைய தாள் இருந்திருந்தால் ஒரு குடும்பம் பிரியாதிருந்திருக்கும் என்ற நிலை ஆயிரக்கணக்கானோர்க்கு நேர்ந்தது. இதனை அறிந்த பின்னரும் பழைய தாள்களைப் பேணுதல் பொழுதுபோக்கென்று எவரேனும் கூறுவரேல், அவர் தாள் இல்லாத துன்பத்தை அறியாதவர் என்றே கொள்ளவேண்டும்.

அரச ஆவணங்களிலே தொழிலாளி தன் பெயரோடு தோன்றும் இடங்கள் இரண்டு. அவன் குற்றஞ் சாட்டப்படும் இடம் ஒன்று. கொல்லப்படும் இடம் மற்றொன்று. 1940ஆம் ஆண்டு சனவரியிலே முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் வீழ்ந்தான். நாட்டிலே எழுந்த கொதிப்பினால் விசாரணைக் குழு அமைக்கவேண்டியதாயிற்று. அதனாலேயே அவன் பெயர் அரசாங்க அச்சில் ஏறிற்று. சுடப்படாதிருந்தால் அவன் செக்ரோலில் ஓர் இலக்கமாகவே மறைந்திருப்பான். ஆகவே ஆளுவோர் எழுதிவைத்த ஏடுகளை நாம் எறிந்துவிடலாகாது. அவற்றைப் படிக்கும் முறையையே மாற்றவேண்டும். தொழிலாளர் சோம்பேறிகள் என்று துரை எழுதிய இடத்திலே, அன்று மலையில் வேலை நின்றது என்று நாம் படிக்கவேண்டும். தொழிலாளர் ஓடிவிட்டனர் என்று எழுதிய இடத்திலே, கொடுமையைப் பொறாது அவர்கள் எதிர்த்தனர் என்று படிக்கவேண்டும்.

அரசு பேணத் தவறியதை இலக்கியமும் தனிமனிதர் முயற்சியும் ஓரளவு பேணியுள்ளன. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாக்குரிமை பறிபோன பின்னர், ஆங்கிலத்திலும் தமிழிலும் அவர்களுடைய வாழ்வை எழுதினார். தோட்டந் தோட்டமாக வழங்கிய நாட்டுப் பாடல்களையும் திரட்டினார். ஆள் கட்டிய கங்காணியைப் பற்றியும், கண்டிச் சீமையின் குளிரைப் பற்றியும், திரும்பிச் செல்லவியலாத ஊரைப் பற்றியும் பெண்கள் பாடிய பாட்டுகள் அவர் ஏட்டிலே நின்றதனால் நிலைத்தன. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையும் பாட்டுகளைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டுத் தோட்டங்களிற் பரப்பினர். மலிவான தாளில் வந்த அப்பிரசுரங்களை எந்த நூலகமும் இலக்கியமெனக் கருதித் தேடவில்லை. சாரல் நாடன், அந்தனி ஜீவா போன்றோர் தனித்து உழைத்துத் தேடியிராவிடின், அவை பற்றிய செய்தியே நம்மை வந்தடைந்திராது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலிய ஆட்டங்களைக் கண்ணாடிப் பேழையில் அடைக்கவியலாது. ஆடுவோர் இருக்குமட்டுமே அவை இருக்கும். ஆகவே ஆடுவோர்க்கு ஓய்வும் ஊதியமும் இடமும் வேண்டுமெனக் கேட்பதும் பண்பாட்டுப் பேணலே என்க.

எழுத்தின் வலிமையை அதன் பகைவர் நன்கறிவர். 1933இலே கே. எம். செல்லப்பா தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியே பொதுமக்கள் ஆதரவால் வளர்ந்து, 1959இல் தனக்கெனக் கட்டடம் பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி நாளிரவு காவற்றுறையினரும் காடையரும் இட்ட தீயிலே சுமார் 97 ஆயிரம் நூல்களும் பல ஓலைச் சுவடிகளும் சாம்பராயின. ஓர் இனத்தை ஒடுக்க நினைப்போர் அதன் நினைவையே முதலிற் குறிவைப்பர் என்பதற்கு அத்தீ அழியாச் சான்று. அவ்வழிவிலிருந்து பிறந்த நல்லுணர்வுகளில் ஒன்று, 2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகம். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்கள் என எல்லாவற்றையும் மின்வடிவிலே பேணி எவரும் இலவசமாகப் படிக்க அது வழிசெய்துள்ளது. ஒரே கட்டடத்தில் இருப்பது ஒரே தீயில் அழியும். ஆயிரம் இடத்தில் இருப்பதை அவ்வளவு எளிதில் எரிக்கவியலாது.

ஆயின் எரிந்ததை எண்ணிக் கண்ணீர் விடுமிடத்தும் நம் விமர்சனக் கண் மூடியிருத்தலாகாது. ஏடும் எழுத்தாணியும் நெடுங்காலம் யாழ்ப்பாணத்து மேல்சாதியினர் கையிலேயே இருந்தன. அவர்கள் படியெடுத்தவை புராணமும் இலக்கணமும் வைத்தியமும் சோதிடமும். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர் தம் பாட்டை எழுதி வைக்க ஓலை பெற்றாரல்லர். 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலிலே அவர்கள் நடத்திய போராட்டத்தின் துண்டுப் பிரசுரங்களும் சுவரொட்டிகளும், கே. டானியல் போன்றோரின் எழுத்துகளும் ஓலைச் சுவடிக்கு எவ்வகையிலும் தாழ்ந்த ஆவணங்கள் அல்ல. பேரினவாதத் தீயைக் கண்டிக்கும் நாவே, நம்முடைய அலுமாரிகளில் யாருடைய ஏடு இல்லை என்றும் கேட்கவேண்டும். முன்னதை மட்டும் கேட்பது இனப்பற்று. இரண்டையும் கேட்பதே மக்கட் பற்று.

இவ்விடத்திலே இருவகைத் தவறான கருத்துகளை மறுத்தல் இன்றியமையாதது. நூதனசாலை அழகுக்குரிய இடம், கொழுந்துக் கூடைக்கும் தகரச் சீட்டுக்கும் அங்கே என்ன வேலை என்பர் தூய கலைவாதிகள். அழகு வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. தோளையும் தலையையும் உறுத்தாது பாரந் தாங்குமாறு மூங்கிலை வளைத்து முடைந்தவனின் கைத்திறனும் கலைத்திறனே. அக்கூடையின் உருவம் அதன் பயனிலிருந்து பிறந்தது. அதனை உணராத கண் வெண்கலப் படிமத்தின் வளைவையும் முழுமையாக உணர்ந்ததாகாது. மற்றைய தவறு நம் முகாமுக்குள்ளேயே சிலரிடம் காணப்படுவது. பழம்பொருள் யாவும் நிலப்பிரபுத்துவத்தின் எச்சம், அவற்றைப் பேணுவது பிற்போக்கு என்பது அவர் வாதம். இது முற்போக்கன்று, பொறுமையின்மை. அரசனுக்காகச் செய்த சிலையையும் செய்தவன் உழைப்பாளியே. அதனை வெறுத்தொதுக்கினால் அவன் கையையே இரண்டாம் முறை வெட்டியவராவோம். இவர்களுள் வேறு சிலர், தொழிலாளர் நூதனசாலை எனின் துன்பத்தை மட்டும் காட்டினாற் போதும் என்பர். அதுவும் குறையே. லயத்திலே கண்ணீர் மட்டும் இருக்கவில்லை. தப்பும் தாலாட்டும் நையாண்டியும் சங்கக் கூட்டமும் இருந்தன. மக்களை இரக்கத்துக்குரியவராக மட்டும் காட்டுவது அவர்களுடைய ஆற்றலை மறைப்பதாகும்.

அவ்வாற்றலை 2023ஆம் ஆண்டிலே நாடு கண்டது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். மூதாதையர் பசியோடு நடந்த பாதையை, காணியும் வீடும் சம உரிமையும் கேட்டு அவர்தம் வழித்தோன்றல்கள் நடந்தனர். வரலாறு பேழைக்குள் இருந்து வெளிப்பட்டு வீதியிலே நடந்தது எனின் அது மிகையாகாது. நினைவு கோரிக்கையாக மாறும் இவ்விடத்தையே நூதனசாலையின் உயர்ந்த பயனென நாம் கருதுகின்றோம்.

இப்பணியிலே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பங்கு பெரிது. அரசு செய்யும்வரை காத்திருத்தல் வேண்டா. அரசைச் செய்யும்படி வற்புறுத்துவதையும் விடவேண்டா. நூதனசாலைகளின் விளக்கப் பலகைகள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி இருக்கவேண்டும் எனவும், பொருளை ஆண்டவன் பெயரோடு ஆக்கியவன் தொழிலும் கூறப்படவேண்டும் எனவும் கேட்போம். கைவிடப்பட்ட தோட்டக் கந்தோர்களிலே கறையான் அரிக்கும் செக்ரோல்களையும் பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் சுவடிகள் திணைக்களம் பொறுப்பேற்கவேண்டும் எனக் கேட்போம். அதற்கிடையே ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு அலுமாரி போதும். வேலைநிறுத்தத் துண்டுப் பிரசுரம், சங்கச் சந்தாப் புத்தகம், கப்பலேறிச் சென்ற உறவினர் எழுதிய கடிதம், பாட்டியின் கவ்வாத்துக் கத்தி ஆகியவற்றை மாணவர் கொண்டுவரட்டும். எவருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்ற மூன்றையும் எழுதி ஒட்டுவது ஆசிரியர் கடமை. கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவன் ஒரு முதியவளின் பாட்டைப் பதிவு செய்ய அரை மணிநேரம் போதும். அவள் மறைந்த பின்னர் அரை நூற்றாண்டு தேடினாலும் அப்பாட்டுக் கிடையாது.

பேணப்பட்ட பொருள் தானாகப் பேசுவதில்லை. அதனைப் பேசவைப்பவர் எவர் பக்கம் நிற்கின்றார் என்பதே அதன் மொழியைத் தீர்மானிக்கின்றது. சிம்மாசனம் கொழும்பிலே பத்திரமாக உள்ளது. கொழுந்துக் கூடைக்கும் அதன் கீழ் எழுதப்பட வேண்டிய பெயருக்கும் நாமே பொறுப்பு. அரைப்பேருக்காக ஆயுள் முழுதும் உழைத்தவர்களுக்கு முழுப்பேரை எழுதிவைப்பது நம் தலைமுறையின் கடன்.